அயனி எஞ்சினா, அணு எஞ்சினா, சூரியப் பாயா?

விண்வெளியில் கலத்தைத் தள்ள இந்த மூன்றில் எது நல்லது என்று ஒப்பிடுகிறவர்கள் முதலில் எடுத்து வைப்பது ஒரே எண்ணைத்தான்: எஞ்சினிலிருந்து வெளியே பாயும் வாயுவின் வேகம் (பாயில் வாயுவே இல்லை, அதைப் பிறகு பார்ப்போம்). மகேந்திரகிரியில் சோதிக்கிறார்களே, கடுங்குளிர் திரவ எரிபொருளை எரிக்கும் இஸ்ரோவின் அந்த சிஇ-20 கிரையோஜெனிக் எஞ்சினில் அது நொடிக்குச் சுமார் 4.3 கி.மீ. எதையாவது எரித்துத் தள்ளும் வரை அதற்கு மேல் பெரிதாக ஏறாது. அணு வெப்ப எஞ்சின் 8, 9 வரை போகும், மின்னூட்டம் ஏற்றிய அணுக்களை மின்சாரத்தால் விரட்டும் அயனி எஞ்சின் 30. வேகம் கூடக் கூட, அதே பயணத்துக்குச் சுமக்க வேண்டிய எரிபொருள் குறையும்.

அப்படியென்றால் அயனிதான் ஜெயித்தது என்று முடித்துவிடலாமா? தள்ளுவிசையைப் பார்த்தால் சிரிப்பு வரும். 2007-ல் கிளம்பிய நாசாவின் டான் விண்கலத்தின் அயனி எஞ்சின் முழு மூச்சாகத் தள்ளினாலும் இரண்டு ஏ4 தாளின் எடைதான், பூஜ்யத்திலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்ட நாலு நாள் ஆகும். ஆனால் அது வருடக்கணக்கில் நிற்காமல் தள்ளிக்கொண்டே இருந்தது. 425 கிலோ செனான் வாயுவை எரிபொருளாக வைத்துக்கொண்டு வெஸ்டா என்ற சிறுகோளைச் சுற்றி, அதைவிட்டுக் கிளம்பி, 2015-ல் சீரிஸ் என்ற குறுங்கோளையும் சுற்ற ஆரம்பித்தது. இதை வேதியியல் எஞ்சினில் யோசித்துக்கூடப் பார்க்க முடியாது.

எனக்கு இன்னும் பிடித்தது, இட்டோகாவா என்ற சிறுகோளின் தூசியை எடுத்துவர அயனி எஞ்சின்களோடு போன ஜப்பானின் ஹயபுசா விண்கலம். 2009 நவம்பரில் வீடு திரும்பும் வழியில் எஞ்சின்கள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. ஒன்றில் அயனியை உண்டாக்கும் பகுதி நன்றாக இருந்தது, இன்னொன்றில் மின்னூட்டத்தைச் சமன்செய்யும் பகுதி. இரண்டையும் இணைத்து ஓர் எஞ்சினாக ஓட்டினார்கள், இரண்டுக்கும் நடுவே எப்போதோ முன்யோசனையோடு வைத்திருந்த, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் ஒரு டயோடு கைகொடுத்தது. 2010 ஜூனில் கலம் ஆஸ்திரேலியாவுக்கு மேலே வந்து எரிந்தது, இட்டோகாவா தூசி இருந்த பெட்டி மட்டும் பத்திரமாக இறங்கியது.

சூரியப் பாய் என்பது, மேலே படும் சூரிய ஒளியின் மெல்லிய அழுத்தத்தில் நகரும் பளபளப்பான மெல்லிய விரிப்பு. அதற்கு எரிபொருளே வேண்டாம், அதுதான் அதன் ஒரே பெருமை. 2010-ல் போன ஜப்பானின் இகாரோஸ் விண்கலம் 14 மீட்டர் பக்கமுள்ள சதுரப் பாயை விரித்தது. கிடைத்த விசை நாலைந்து அரிசி மணியின் எடை. சின்னக் கலங்களுக்குச் சரி, மனிதர் போகிற பேச்சில் இதை இழுக்க வேண்டாம்.

மனிதர் என்றால் சாப்பாடு, கதிர்வீச்சு, பொறுமை எல்லாமே கணக்கு, மெல்ல மெல்ல வேகமெடுக்க அவகாசம் கிடையாது. அங்கே அணு வெப்ப எஞ்சின்தான் என் ஓட்டு. அணு உலையின் சூட்டில் ஹைட்ரஜனைக் காய்ச்சி வெளியே விடுவது, அவ்வளவுதான் தத்துவம். இது காகிதத்தில் மட்டும் இருக்கிற எஞ்சினும் அல்ல: 1969-ல் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் ஒரு எஞ்சினை 28 தடவை கிளப்பி அணைத்துக் காட்டினார்கள், தள்ளுவிசை ஏறக்குறைய 25 டன். 1973-ல் திட்டத்தையே மூடிவிட்டார்கள்.

தொந்தரவு இரண்டு. திரவ ஹைட்ரஜன் ஆயிரம் லிட்டர் பிடித்தாலும் 71 கிலோதான் தேறும், அதையும் மைனஸ் 253 டிகிரியில் மாதக்கணக்காக ஆவியாகாமல் காக்க வேண்டும், அதனால் தொட்டி பூதாகரமாகிவிடும். அப்புறம் சோதனை. அன்று கதிரியக்கம் கலந்த புகையைத் திறந்தவெளியில் விட்டார்கள், இன்று அதைப் பிடித்து வடிகட்டாமல் யாரும் அனுமதிக்க மாட்டார்கள், அந்த ஏற்பாட்டுக்கே பெரும் செலவு. இந்த வம்பே வேண்டாம், நேராக விண்வெளியிலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்று நாசாவும் அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி அமைப்பான டார்பாவும் 2023-ல் அறிவித்த டிராகோ திட்டமும் 2025-ல் கைவிடப்பட்டது.