தமிழ் விக்கிப்பீடியாவில் மூன்று மாதம்

கல்லூரி நூலகத்தில் இருபத்தாறு வருடம் புத்தகங்களுக்கு எண் போட்டவள் நான். ஓய்வு பெற்றதும், இதென்ன பெரிய வித்தை என்று தமிழ் விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்கினேன். முதல் கட்டுரை யாரைப் பற்றி? என்னைப் பற்றித்தான். கைக்காசில் அச்சடித்த கவிதைத் தொகுப்பு ஒன்று உண்டு. சான்றாக என் வலைப்பூவையே கொடுத்தேன். அடியில் ஒன்பது பகுப்புகள், அதாவது ஒரே வகைக் கட்டுரைகளை ஒன்றாகத் தொகுக்கும் பட்டியல்கள்.

ஒரு பகுப்பைச் சொடுக்கினால், பள்ளியில் மனப்பாடம் செய்த கவிஞர்கள் வரிசையில் என் பெயரும் நிற்கிறது. ஐந்து நிமிடம் பூரிப்பு, அப்புறம் கூச்சம். மாலையில் பேச்சுப் பக்கத்தில் (கட்டுரையைப் பற்றி விவாதிக்க அதனோடு இருக்கும் பக்கம்) ஒருவர் கேட்டிருந்தார்: உங்களோடு தொடர்பில்லாத யாராவது உங்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா? இல்லை. நானே நீக்கச் சொல்லிவிட்டேன். அப்படி யாராவது எழுதியிருந்தாலும், சான்றைப் பேச்சுப் பக்கத்தில் வைத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வதுதான் முறை.

பகுப்பு விஷயத்தில் என் நூலக அனுபவமே எனக்கு இடைஞ்சல். புத்தகத்துக்கு அலமாரியில் ஓர் இடம்தான். இங்கே ஒரு பக்கம் பல பகுப்புகளில் நிற்கலாம். அதற்காக எல்லாவற்றிலும் தள்ளக் கூடாது. ஒரு கோயிலை அந்த மாவட்டக் கோயில்கள் பகுப்பில் சேர்த்தால் போதும், தமிழ்நாடு என்ற பெரிய பகுப்பில் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. சின்னது ஏற்கெனவே பெரியதற்குள் இருக்கிறது. பெயரை ஊகித்து எழுதாதீர்கள். 'ராமநாதபுரம்' என்பதற்கும் 'இராமநாதபுரம்' என்பதற்கும் அங்கே வித்தியாசம் உண்டு. பகுப்பின் பெயர் சிவப்பு நிறத்தில் வந்தால் அப்படியொரு பகுப்புப் பக்கமே இல்லை என்று பொருள். நான் செய்வது, அதே வகையில் நல்ல கட்டுரை ஒன்றைத் திறந்து அதன் அடியைப் பார்ப்பது. இன்னொன்று: பகுப்பில் எந்த எழுத்தின் கீழ் வர வேண்டும் என்ற வரிசைக் குறிப்பைத் தனியாகக் கொடுக்காவிட்டால் தலைப்பின் முதல் எழுத்துதான் கணக்கு. உ. வே. சாமிநாதையர் 'ச'வில் இல்லை, 'உ'வில் போய் நிற்பார். நூலகர் மனசு கொஞ்சம் வலிக்கும்.

குறை இல்லாமலா? உதவிப் பக்கங்கள் ஏராளம், ஆனால் எதை முதலில் படிப்பது என்று புதியவருக்குப் பிடிபடாது. கைப்பேசியில் வாசிப்பவருக்குப் பகுப்புகள் கண்ணில் படுவதே அரிது. கணினிப் பார்வைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எழுதிப் பழக மணல்தொட்டி இருக்கிறது, கூசாமல் கிறுக்கலாம். சந்தேகம் கேட்க ஒத்தாசைப் பக்கம், பொதுப்பேச்சுக்கு ஆலமரத்தடி. இந்தப் பெயர்களுக்காகவே ஒரு நட்சத்திரம் கூடப் போடுவேன். ஐந்துக்கு நாலு.

போன வாரம் தம்பி மகன் வந்து, அவனுடைய மாவு மில்லுக்கு ஒரு பக்கம் போடச் சொன்னான். "காசு தர்றேன் அத்தை" என்றான். காசு வாங்கி எழுதினால் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும், 2014 முதல் விதியே இருக்கிறது என்றேன். முகம் சுருங்கிவிட்டது. கூகுள் மேப்பில் போட்டுக் கொடுத்தேன், போட்டோவோடு.