நான்கு பொங்கல், ஒரு சமையலறைத் தராசு

மகளுக்கு 9 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. இப்போது 13 நடக்கிறது. இந்த நான்கு வருடத்தில் எங்கள் வீட்டில் குளுக்கோமீட்டருக்கு அடுத்தபடியாக அதிகம் புழங்கிய பொருள் சமையலறைத் தராசுதான். 5 கிலோ வரை நிறுக்கும் சாதாரண டிஜிட்டல் தராசு, 500 ரூபாய்க்குள் வாங்கினது. தினப்படி இட்லி, சோற்றுக்கு அது எப்படி உதவும் என்று நிறையப் பேருக்குத் தெரியும். பண்டிகைச் சமையலில் எங்கே கைகொடுத்தது, எங்கே கைவிட்டது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்களுக்குக் கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். கூட்டுக் குடும்பம். வருடத்துக்கு எத்தனை பண்டிகை, எத்தனை பந்தி என்று காவிரிக் கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டைப் 1 என்றால் உடம்பு இன்சுலினைச் சுரப்பதே கிட்டத்தட்ட நின்றுபோன நிலை. சாப்பிடும் மாவுச்சத்து (இனிப்பும் இதில் சேர்த்தி) எத்தனை கிராம் என்று கணக்குப் பார்த்து, அதற்குத் தக்கபடி ஊசி போட வேண்டும். என் மகளுக்கு மதியத்தில் 12 கிராமுக்கு 1 யூனிட் இன்சுலின், காலையில் 8 கிராமுக்கு 1 யூனிட். இது அவளுக்கு அவள் டாக்டர் போட்டுக் கொடுத்த கணக்கு. ஆளுக்கு ஆள் மாறும், அவளுக்கே வயது ஏற ஏற மாறியிருக்கிறது. யாரும் இதை எடுத்துப் பயன்படுத்திவிடாதீர்கள்.

முதல் பொங்கலன்று என்னிடம் தராசு இல்லை. சர்க்கரைப் பொங்கல் ஒரு கரண்டிக்கு 20 கிராம் இருக்கும் என்று குத்துமதிப்பாக வைத்து ஊசி போட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மீட்டரில் சுகர் 312. மாட்டுக்கொட்டகைப் பக்கம் உட்கார்ந்து அழுதேன். பிள்ளை நாக்கு வறண்டு தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுவாரமே தராசு வாங்கினேன்.

வாங்கிய புதிதில் பெரிய தப்பு ஒன்று செய்தேன். சாப்பாட்டை எடை போட்டால் போதும் என்று நினைத்துவிட்டேன். வெறும் சோறு என்றால் அது சரி. வெந்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து, கொஞ்சம் குழைந்திருந்தால் அதற்கும் கீழே. ஆனால் சர்க்கரைப் பொங்கல் 100 கிராமில் எவ்வளவு என்று எந்தப் பட்டியலைப் பார்த்துச் சொல்வது? வெல்லம் எவ்வளவு விழுந்தது, பால் எவ்வளவு வற்றியது என்பதைப் பொறுத்து வீட்டுக்கு வீடு மாறுமே. அதனால் கணக்கு அடுப்புக்குப் போகுமுன்பே தொடங்க வேண்டும். பானைக்குள் போகிற எல்லாவற்றையும் பச்சையாக நிறுத்து எழுதிக்கொள்ள வேண்டும், இறக்கிய பிறகு மொத்தத்தையும் ஒருமுறை நிறுக்க வேண்டும். நான்கு வருடத்தில் நான் கற்றதில் உருப்படியானது இதுதான்.

போன தைப் பொங்கல் கணக்கை நோட்டில் இருக்கிறபடியே தருகிறேன். பச்சரிசி 400 கிராம், பாசிப்பருப்பு 100, வெல்லம் 600, பால் அரை லிட்டர், முந்திரி 50, திராட்சை 50, நெய் கையோட்டம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் இந்திய உணவுப் பொருள்களுக்கு ஒரு சத்து அட்டவணை வெளியிட்டது. அரிசி, பருப்பு, வெல்லத்துக்கு அதைத்தான் பார்க்கிறேன். அரிசியில் நூற்றுக்கு 78, பாசிப்பருப்பில் 52, வெல்லத்தில் 85. பாலுக்கு 5 என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் அரிசியில் 312, பருப்பில் 52, வெல்லத்தில் 510, பாலில் 25, முந்திரி திராட்சை இரண்டிலும் சேர்த்து ஒரு 48. மொத்தம் 947 கிராம். நெய்யில் மாவுச்சத்து கிடையாது. இறக்கி நிறுத்தால் பொங்கல் 2 கிலோ 700 கிராம் இருந்தது. ஆக, 100 கிராமுக்கு 35. எங்கள் வீட்டுக் கரண்டியில் தலைதட்டி எடுத்தால் 90 கிராம் பிடிக்கும், அதாவது கரண்டிக்கு 31 அல்லது 32. முதல் வருடம் நான் வைத்த 20 எங்கே, இது எங்கே! அன்றைக்கு இரண்டு கரண்டி சாப்பிட்டாள். இரண்டு மணி நேரத்தில் 158.

இந்த முறையில் தராசுக்கு ஒரு சிக்கல் வரும். வெண்கலப் பானையே கனம். பொங்கலோடு தூக்கி வைத்தால் 5 கிலோவைத் தாண்டி, எண் வராமல் பிழை காட்டும். அதற்காக வீட்டில் உள்ள எல்லாப் பாத்திரத்தையும் காலியாக நிறுத்து, அடியில் நகப்பாலிஷால் எடையை எழுதி வைத்திருக்கிறேன். பொங்கலை அலுமினியக் குண்டானில் மாற்றி நிறுத்து, குண்டான் எடையைக் கழித்துவிடுவேன். கொதிக்கிற பாத்திரத்தை நேரே தராசில் வைக்கக் கூடாது. சின்ன மணைப்பலகையை முதலில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, அதன்மேல் வைக்க வேண்டும்.

முதல் தராசு இரண்டு வருடம்கூட வரவில்லை. பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பிடித்துவிட்டது. அதைவிட மோசம், சாவதற்கு முன் ஒரு மாதம் அது தப்பு எடை காட்டிக்கொண்டிருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. பிள்ளைக்கு ஏன் திடீரென்று சுகர் ஏறுகிறது என்று இன்சுலினைச் சந்தேகப்பட்டேன், ஊசி போட்ட இடத்தைச் சந்தேகப்பட்டேன், தராசைச் சந்தேகப்படவே இல்லை. இப்போது மாதம் ஒருமுறை அரை லிட்டர் தண்ணீரை அளந்து வைத்துப் பார்க்கிறேன், 500 கிராம் காட்ட வேண்டும். பண்டிகைக்கு முந்தின நாள் கட்டாயம் பார்ப்பேன்.

தீபாவளி வேறு மாதிரிப் பாடம். அதிரசம், சுழியம், முறுக்கு, லேகியம் எல்லாம் எண்ணெயும் நெய்யும். ஒரு தீபாவளியன்று காலையில் அதிரசத்தையும் சுழியத்தையும் எண்ணிக் கணக்குப் பார்த்து ஊசி போட்டாயிற்று. இரண்டு மணி நேரத்தில் 140. மாமியார் முகத்தில் அப்படியொரு நிம்மதி. நான்காவது மணி நேரத்தில் 270. கணக்கு தப்பில்லை, நேரம்தான் தப்பு. கொழுப்பு அதிகமாகச் சேர்ந்தால் வயிறு காலியாக நேரமாகும், மாவுச்சத்து மெதுவாக ரத்தத்துக்கு வரும். அதற்குள் வேகமாக வேலை செய்யும் இன்சுலின் தன் வேலையை முடித்துவிடும். டாக்டரிடம் நோட்டைக் காட்டியபோது, இந்த மாதிரி நாளில் மருந்தை எப்படிப் பிரித்துப் போடலாம் என்று சொல்லிக் கொடுத்தார். அதனால் எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட நாளில் நான்காம் மணி நேரத்திலும் ஒருமுறை பாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். இரண்டு மணி நேர எண்ணை மட்டும் நம்பினால் பாதிக் கதைதான் தெரியும். திருவையாற்று அசோகா அல்வாவும் இப்படித்தான். பாசிப்பருப்புதானே என்று தோன்றும். அதில் விழும் சர்க்கரை ஒரு பக்கம், நெய் ஒரு பக்கம். கடையில் வாங்கியதென்றால் ஒரு தேக்கரண்டிக்கு மேல் கொடுப்பதில்லை, ஏனென்றால் அந்தச் சட்டிக்குள் என்ன போனது என்று எனக்குத் தெரியாது.

"சுகர் ஃப்ரீ" என்று அச்சடித்த இனிப்பை உறவுக்காரர்கள் ஆசையாக வாங்கி வருவார்கள். சர்க்கரைதான் இல்லை, கடலைமாவும் பாலும் இருக்கிறதே. கணக்கில் சேர்த்துத்தான் கொடுக்கிறேன்.

மாமியாரோடு எனக்கு ஒரு நீண்ட விவாதம் நடந்தது. "ஏம்மா, மாப்பிள்ளைச் சம்பாவுல பொங்கல் வச்சா புள்ளைக்குச் சுகரே ஏறாதுங்கறாங்களே" என்றார்கள். அவர்களுக்குப் பேத்தி எல்லாரையும் போலச் சாப்பிட வேண்டும் என்ற தவிப்பு. "சரிங்கத்தை, வச்சுப் பாப்போம்" என்று மூன்று மாதம் அந்த அரிசியையே வைத்தோம். என் மகளுக்குச் சுகர் கொஞ்சம் நிதானமாக ஏறியது உண்மை. பாரம்பரிய அரிசியில் தவிடும் நார்ச்சத்தும் இருப்பது நல்லதுதான், நாங்கள் இப்போதும் வாங்குகிறோம். ஆனால் மாவுச்சத்துக் கணக்கு பெரிதாகக் குறையவில்லை. ஊசியைக் குறைத்த இரண்டு நாளும் சுகர் எகிறியது. கருப்பட்டியும் தேனும் அப்படியே. வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டி போட்டாலும் கணக்கில் போட்டே ஆக வேண்டும். மாமியார் நோட்டைப் பார்த்துத் தானே ஒத்துக்கொண்டார்கள். இப்போது அடுப்படியில் வெல்லத்தை நிறுத்துச் சொல்வதே அவர்கள்தான்.

கரும்புக்கு வேறு வழி பிடித்தோம். தோல் சீவிய துண்டை நிறுத்துக் கொடுத்து, மென்று துப்பிய சக்கையைத் திரும்ப நிறுத்தோம். 100 கிராம் துண்டுக்கு 60 கிராம் சாறு உள்ளே போயிருந்தது. சாற்றில் நூற்றுக்கு 15 என்று வைத்தால் 9 கிராம். எச்சில் எல்லாம் சேர்ந்து இது துல்லியம் இல்லைதான். ஆனால் அவள் கரும்பைத் தொடவே கூடாது என்று முதல் வருடம் வைத்திருந்தேனே, அதற்கு அவசியமே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆடிப்பெருக்கு எங்களுக்கு சுலபமான நாள். எலுமிச்சை சாதம், புளிச்சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, எல்லாவற்றுக்கும் அடிப்படை சோறுதான். வீட்டிலேயே அவள் டப்பாவை நிறுத்து மூடியில் எண்ணை எழுதிவிடுவேன். ஆற்றங்கரையில் கிடைக்கிற வெல்லம் கலந்த காப்பரிசி ஒரு பிடி மட்டும் தனிக் கணக்கு. நவராத்திரிச் சுண்டல் அதைவிடச் சுலபம். கார்த்திகைப் பொரி உருண்டையை ஒவ்வொன்றாக நிறுத்தால் முடிந்தது. காணும் பொங்கலன்று மட்டும் எதிர்ப்பக்கம் கவனிக்க வேண்டும். நாள் முழுக்க ஓடியாடிவிட்டு மாலையில் சுகர் இறங்கும்.

தராசு கைவிடும் இடம் பந்தி. ஒரு கல்யாணத்தில் இலை போட்டுவிட்டார்கள், சாப்பாடு வந்துவிடும் என்று நம்பி ஊசி போட்டுவிட்டேன். முந்தின பந்தி எழுந்திருக்கத் தாமதம், சாம்பார் வரவில்லை, கூட்டம். 20 நிமிடத்தில் பிள்ளை கை நடுங்குகிறது என்றாள். மீட்டரில் 58. கைப்பையில் இருந்த குளுக்கோஸ் பொடி மூன்று தேக்கரண்டியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்து, 86 வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. 70-க்குக் கீழே போனால் வேறெதையும் யோசிக்காமல் வேகமாக ஏறும் சர்க்கரை, அப்புறம்தான் சாப்பாடு. அன்றிலிருந்து, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பந்தியில் மட்டும் சோறு இலையில் விழுந்த பிறகே ஊசி.

இன்னொன்றும் பந்தியில்தான் நடந்தது. முதல் இரண்டு வருடம் விசேஷ வீடுகளுக்குக்கூடத் தராசைப் பையில் கொண்டுபோவேன். கிண்ணத்தில் வாங்கி, நிறுத்து, பிறகு இலையில் கொட்டுவேன். பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். 11 வயதில் ஒருநாள் வீட்டுக்கு வந்து சொன்னாள்: "அம்மா, அடுப்படியில எவ்வளவு வேணாலும் நிறுங்க. என் இலைக்கிட்ட மட்டும் தராசு வேணாம்மா." அவள் சொன்னது முழுக்க நியாயம். அந்த இரண்டு வருடமும் அவள் பண்டிகைச் சாப்பாட்டை மற்றப் பிள்ளைகள் மாதிரி ஒருநாள்கூட சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு தராசை அவள் கண்ணையும் கையையும் பழக்கத்தான் பயன்படுத்தினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் இலை போட்டு, சோறு போட்டு, எத்தனை கிராம் என்று அவள் சொல்ல வேண்டும். பிறகு நிறுத்துப் பார்ப்போம். முதலில் 60, 70 கிராம் தப்பினாள். ஆறு மாதத்தில் 20-க்குள் வந்துவிட்டாள். மூடிய கைமுட்டி அளவுச் சோறு அவளுக்கு 120 கிராம், 34 கிராம் மாவுச்சத்து. பரிமாறுகிறவர் கரண்டியைப் பார்த்து, அது எத்தனை முட்டி என்று சொல்லிவிடுவாள். கை வளர்கிறது, அதனால் வருடத்துக்கு ஒருமுறை முட்டியையும் திரும்ப நிறுக்கிறோம். மாவுச்சத்தில் 10 கிராம் முன்னே பின்னே போனால் அவளுக்கு மதியத்தில் ஒரு யூனிட்டுக்கும் குறைவான வித்தியாசம். அதைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று இப்போது எனக்கும் தைரியம் வந்திருக்கிறது. இரண்டாம் முறை சோறு வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு ஊசி போட்டுக்கொள்கிறாள்.

போன மாட்டுப் பொங்கலுக்கு மன்னார்குடியில் என் நாத்தனார் வீட்டுக்கு முதல்முறையாக நானில்லாமல் போனாள். மதியம் இரண்டு மணிக்குப் போன் வந்தது. "அம்மா, அத்தை வீட்டுக் கரண்டி நம்ம கரண்டியைவிடப் பெரிசு. ஒன்னுக்கு ஒன்னரையா கணக்குப் போட்டுக்கிட்டேன். வெல்லம் எவ்வளவு போட்டாங்கன்னு அத்தைகிட்ட கேட்டேன், முக்கால் கிலோவாம். சரியா இருக்குமா?" அரிசி எவ்வளவு என்று கேட்டேன். அரை கிலோ என்றாள். மனசுக்குள் போட்டுப் பார்த்தேன், நம் வீட்டுப் பக்குவம்தான். "சரியாத்தான் இருக்கும், நாலு மணிக்கும் ஒருதரம் பாரு" என்றேன். நாலே காலுக்கு மீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். 171.