மெர்லின் ஆப்: தாராளமாகப் போடுங்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள்

பறவை பார்க்க ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன், எந்த ஆப் நல்லது என்று கேட்பவர்களுக்கு ஒரே வார்த்தையில் பதில் வேண்டுமென்றால், பறவையின் பெயரைக் கண்டுபிடித்துச் சொல்லும் மெர்லின்தான். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, சந்தா கேட்டு நச்சரிப்பதும் கிடையாது. நம்ம பகுதிக்கான பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத காட்டுக்குள்ளும் வேலை செய்யும். போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அது காட்டும் பெயரை அப்படியே நோட்டில் எழுதி வைக்காதீர்கள். இந்த இரண்டாவது பாதிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதவேண்டியிருக்கிறது.

முதலில் இது யாருடைய சரக்கு என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் நம்பிப் போட்டதற்குக் காரணமே அதுதான். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து இத்தாகாவில் இருக்கும் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் செய்தது. 1915-ல் ஆர்தர் ஆலன் என்ற பேராசிரியர் தொடங்கிய இடம். பேசும்படம் அப்போதுதான் வந்திருந்த 1929-ல், சினிமாவுக்கு ஒலி பதியும் கருவியைக் கொண்டுபோய் ஊர்ப் பூங்காவில் குருவிகள் பாடுவதைப் பதிவு செய்தவர்கள் இவர்கள். 1935-ல் லூசியானா சதுப்புக்காட்டுக்குள் வண்டி கட்டிக்கொண்டு போய் ஐவரி பில்ட் மரங்கொத்தியின் குரலைப் பிடித்து வந்தார்கள். எல்லோரும் ஒப்புக்கொள்ளும் அளவுக்கு அந்தப் பறவையைக் கடைசியாகப் பார்த்தது 1944-ல். இன்றைக்கு அதன் குரல் எப்படி இருக்கும் என்று கேட்க வேண்டுமானால் அந்தப் பழைய பதிவைத்தான் போட்டுக் கேட்கவேண்டும். இப்படிச் சேர்க்க ஆரம்பித்ததுதான் வளர்ந்து மெக்காலே நூலகம் என்ற பெரிய ஒலி, படக் களஞ்சியமாக நிற்கிறது. மெர்லினின் காது அங்கே படித்து வந்த காது.

சரி, ஆப்புக்கு வருவோம். மூன்று வழியில் பறவையைக் கண்டுபிடிக்கலாம்: கேள்விக்குப் பதில் சொல்லி, படம் கொடுத்து, குரல் கொடுத்து.

கேள்வி வழி எளிமையானது. எங்கே பார்த்தீர்கள், எப்போது, எவ்வளவு பெரிசு, என்ன நிறம், என்ன செய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். அளவு கேட்கும் இடத்தில் மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. சிட்டுக்குருவி, ராபின், காக்கை, வாத்து என்று வரிசையாக நிழல் உருவம் காட்டும். அந்த ராபின் அமெரிக்க ராபின். ஆங்கிலத்தில் மேக்பை ராபின் எனப்படும் நம்மூர் குண்டுக்கரிச்சானை மனசில் வைத்துக்கொண்டு அதை அழுத்தினால் கணக்கு பிசகும், ஏனென்றால் அமெரிக்க ராபின் கிட்டத்தட்ட மைனா சைஸ். மைனா என்றே நினைத்துக்கொண்டு அழுத்துங்கள். படம் கொடுக்கும் வழி பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, தெளிவான படம் கொடுத்தால் நன்றாகவே சொல்லும், மொபைலில் எடுத்த மங்கல் புள்ளியைக் கொடுத்துவிட்டு ஆப்பைத் திட்டக்கூடாது.

எல்லோரும் வாயைப் பிளப்பது குரல் வழியைப் பார்த்துத்தான். 2021-ல் வந்தது. பட்டனை அழுத்திவிட்டு போனைச் சும்மா நீட்டிப் பிடித்தால் போதும், திரையில் சாம்பல் நிறக் கோடுகளாக ஒலி ஓடிக்கொண்டே இருக்கும், கீழே பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து விழும், அதே பறவை மறுபடி கத்தினால் அந்தப் பெயர் மஞ்சளாகப் பளிச்சிடும். விடிகாலையில் மொட்டைமாடியில் நின்று இதைப் பார்ப்பது தனி சுகம். செம்மார்புக் குக்குறுவான் டொக் டொக் என்று அடித்தால் ஒரே உயரத்தில் ஒரே இடைவெளியில் புள்ளி வைத்த மாதிரி வரும். செண்பகத்தின் ஊப் ஊப் திரையின் அடிமட்டத்தில் ஊர்ந்துகொண்டு போகும். குயில் கூவக் கூவ ஒவ்வொரு கோடும் முந்தைய கோட்டைவிட ஒரு படி மேலே ஏறும். தேன்சிட்டின் கீச்சு உச்சியில் கீறல் கீறலாக நிற்கும். ஒரு வாரம் இப்படிப் பார்த்தாலே ஆப் பெயர் சொல்வதற்கு முன்னால் கோட்டை வைத்து நாமே சொல்ல ஆரம்பித்துவிடுவோம். எங்கள் வீட்டில் மட்டும், "ஃபோனை ஆகாசத்துக்குக் காட்டிக்கிட்டு யாருக்குடா சிக்னல் தேடுற" என்று அம்மா கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

உள்ளே நடப்பது என்னவென்றால், ஆப் உண்மையில் காதால் கேட்பதில்லை, கண்ணால் பார்க்கிறது. ஒலியை அந்தக் கோட்டுப் படமாக மாற்றி, படத்தில் முகத்தை அடையாளம் காணும் அதே மாதிரியான கணினி முறையில் பறவையை அடையாளம் காண்கிறது. அதற்குப் பயிற்சி கொடுக்க, நிபுணர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பதிவிலும் இந்த இடத்தில் இந்தப் பறவை கத்துகிறது என்று பெட்டி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இது இயந்திரத்தின் மாயம் என்று நினைப்பவர்கள் அந்தப் பெட்டி போட்டவர்களைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

குரல் மட்டும் போதாது, இன்னொரு சங்கதியும் பின்னால் இருக்கிறது. இதே ஆய்வகம் 2002-ல் அமெரிக்கப் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆடுபன் சங்கத்தோடு சேர்ந்து ஈபேர்ட் என்ற பதிவேட்டைத் தொடங்கியது. உலகம் முழுக்க இருக்கிற பறவை ஆர்வலர்கள் இன்றைக்கு எங்கே, எத்தனை மணிக்கு, எதை எத்தனை பார்த்தேன் என்று அதில் பட்டியல் போடுகிறார்கள். 2021-ல் அந்தப் பதிவுகள் 100 கோடியைத் தாண்டின. நீங்கள் மெர்லினைத் திறக்கும்போது இந்த மாவட்டத்தில் இந்த மாதத்தில் எந்தப் பறவை இருக்க வாய்ப்பு அதிகம் என்பதை அந்தக் குவியலில் இருந்துதான் எடுக்கிறது. ஆறுமணிக் குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் முடியும்போது வடக்கே இருந்து இறங்கி வந்து, குளிர்காலம் முழுக்க நம் தோப்புகளில் இருந்துவிட்டு, கோடையில் திரும்பிப் போகும். டிசம்பரில் அது பட்டியலில் மேலே இருக்கும், ஜூலையில் இருக்காது. யாரோ முன்பின் தெரியாத ஒருத்தர் நம் ஊர்க் குளத்தங்கரையில் நின்று போட்ட பட்டியல் நமக்குப் பெயர் சொல்லித் தருகிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

இனி குறைகளுக்கு வருகிறேன்.

முதல் தலைவலி, குரல் மாற்றிப் பேசும் பறவைகள். துடுப்புவால் கரிச்சான் இருக்கும் காட்டில் ஆப்பை ஓடவிட்டால் கொஞ்ச நேரத்தில் பட்டியலில் கழுகு வரும், வல்லூறு வரும், மரங்கொத்தி வரும், அண்ணாந்து பார்த்தால் கிளையில் கறுப்பாக ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கலாம். இது ஆப்பின் தப்பு என்று சொல்ல முடியாது, கரிச்சான் மற்ற பறவைகளையே ஏமாற்றும் பறவை. இலங்கையில் சிங்கராஜக் காட்டில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சரத் கோட்டகமவும் ஈபன் குடேலும் இதைப் பல காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். கரிச்சான் கண்டபடி மிமிக்ரி செய்வதில்லை, ஆபத்து நேரத்தில் வேட்டைப் பறவையின் குரலையும் மற்றவற்றின் எச்சரிக்கைக் குரலையும், சாதாரண நேரத்தில் கூடித் திரியும் பறவைகளின் பாட்டையும் எடுத்துவிடுகிறது என்று காட்டினார்கள். சந்தர்ப்பம் பார்த்துப் பேசும் பறவையை போனில் இருக்கும் ஆப் எப்படிப் பிடிக்கும்? கண்ணால்தான் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, எந்தப் பறவைக்குப் போதுமான அளவு ஒலிப்பதிவு இருக்கிறதோ அதைத்தான் குரல் வழியில் கற்றுக்கொடுக்க முடியும். வட அமெரிக்கத் தோட்டத்துப் பறவைக்குப் பதிவு கொட்டிக் கிடக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏதோ ஒரு சரிவில் மட்டும் இருக்கும் கூச்சமான பறவைக்கு அப்படிக் கிடைக்காது. சோலைக்காட்டுக்குள் போய் நின்று ஆப் ஒன்றுமே சொல்லவில்லை என்றால் பறவை இல்லை என்று அர்த்தமில்லை, அதற்குத் தெரியாத குரலாக இருக்கலாம். பஸ் ஹாரன், மிக்சி, கோயில் ஒலிபெருக்கி இதெல்லாம் சேர்ந்தால் நம் காதே தடுமாறும், ஆப்பைக் கேட்கவேண்டாம். அப்புறம், எத்தனை பறவை என்று அது எண்ணாது. தவிட்டுக்குருவி ஒன்று கத்தினாலும் ஏழு கத்தினாலும் ஒரே பெயர்தான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாம் ஈபேர்டில் போடும் பட்டியல் விளையாட்டுக் கணக்கு இல்லை. 2023-ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை முழுக்க இந்தப் பட்டியல்களை வைத்துத்தான் எழுதப்பட்டது. 30,000-க்கும் மேற்பட்டவர்கள் கொடுத்த 3 கோடிப் பதிவுகள், அதில் 942 வகைப் பறவைகளை மதிப்பிட்டு, 178 வகைகளுக்கு உடனடிக் கவனம் தேவை என்றார்கள். மயிலும் குயிலும் பெருகுகின்றன, எங்கே பார்த்தாலும் கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருந்த பனங்காடை குறைகிறது, அதன் நிலையை உலக அளவில் மறுபடி மதிப்பிடவேண்டும் என்று சொன்னதும் அதில்தான். பக்கத்துக் கேரளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் 2015 முதல் 2020 வரை மாநிலம் முழுக்கக் கட்டம் கட்டமாக நடந்து பறவை வரைபடமே போட்டார்கள், அதற்கும் பதிவேடு ஈபேர்ட்தான். நம் பக்கம் ஆண்டுதோறும் பொங்கல் சமயத்தில் நான்கு நாள் கணக்கெடுப்பு நடக்கிறது, வாசலில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணினாலும் சேரும். இப்படி ஒரு கணக்கில், மெர்லின் சொன்னது என்பதற்காகப் பார்க்காத பறவையை நாலு பேர் ஏற்றிவிட்டால் என்ன ஆகும்? ஊருக்கு ஊர் தன்னார்வலர்கள் சந்தேகப் பதிவுகளைச் சரிபார்க்கிறார்கள்தான், "எப்படி அடையாளம் கண்டீர்கள்" என்று அவர்கள் கேட்கும்போது "ஆப் சொல்லிச்சு" என்பது பதில் ஆகாது. ஆய்வகமே குரல் வழியை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது.

பேர்ட்நெட் என்று இன்னொரு ஆப் இருக்கிறதே, அது எப்படி என்று கேட்பீர்கள். அதுவும் இதே ஆய்வகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்ததுதான். ஒலியை மூன்று மூன்று விநாடித் துண்டாக வெட்டிப் பார்க்கும். காட்டில் ஒலிப்பதிவுப் பெட்டியைக் கட்டித் தொங்கவிட்டு மாதக்கணக்கில் பதிவு செய்யும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு அதுதான் கை கொடுக்கும், வாசலில் நிற்கிற நமக்கு மெர்லின் போதும். காட்டின் ஒலியைக் கேட்டு ஆராய்வது பறவையோடு நிற்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் யானைகள் பேசிக்கொள்வதை 1980-களில் கண்டுபிடித்த கேட்டி பெய்ன் கார்னெலைச் சேர்ந்தவர், அவர் தொடங்கிய திட்டத்தில் மத்திய ஆப்பிரிக்கக் காட்டில் ஒலிப்பெட்டி வைத்து யானைகளை எண்ணுகிறார்கள், வேட்டைத் துப்பாக்கிச் சத்தத்தையும் அதே பெட்டி பிடித்துக்கொடுக்கிறது.

யாருக்கு ஒத்துவரும்? புதிதாகத் தொடங்குபவருக்குக் கண்டிப்பாக. பள்ளிப் பிள்ளைகளைத் தோப்புக்கு அழைத்துப் போகும் ஆசிரியருக்கு இன்னும் நன்றாக. ஆங்கிலப் பெயரும் அறிவியல் பெயரும் காட்டும், பக்கத்தில் தமிழ்ப் பெயர் உள்ள ஒரு பறவைக் கையேடு வைத்துக்கொண்டால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். பத்து வருஷமாகப் பறவை பார்ப்பவருக்கு இது இரண்டாவது காது, அவ்வளவே. ஒன்றே ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஆப்பில் இருக்கிற குரலைக் காட்டில் சத்தமாகப் போட்டுப் பறவையை வரவழைப்பது. கூடு கட்டுகிற காலத்தில் வேறொரு ஆண் தன் எல்லைக்குள் வந்துவிட்டதாக நினைத்து அது குஞ்சை விட்டுவிட்டு நம்மைச் சுற்றி அலையும். போட்டோ கூட்டம் அதிகமாக வரும் இடங்களில் இது தினமும் நடக்கிறது, பார்க்கவே எரிச்சலாக இருக்கும்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. வெட்டிய அரை, குரல் கேட்டதை நிச்சயமாக இருக்கிறது என்ற தோரணையில் பட்டியல் போட்டுக் காட்டுவதற்கு, எவ்வளவு சந்தேகம் என்று பக்கத்தில் ஒரு குறி காட்டியிருக்கலாம்.

போட்டபிறகு ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் பதிவு செய்யும் ஒலி போனிலேயே கிடக்கும், தானாக எங்கும் போகாது, இடத்தையும் அடைத்துக்கொள்ளும். அதில் நல்லதாக ஒன்று, குறிப்பாக நம் மலைப் பறவையினுடையது, கண்ணாலும் பார்த்து உறுதி செய்தது இருந்தால் அழிக்காதீர்கள். ஈபேர்ட் பட்டியலோடு சேர்த்து ஏற்றினால் அது மெக்காலே களஞ்சியத்துக்குப் போய்விடும். ஏற்றுவதற்கு முன்னால் முன்னும் பின்னும் இருக்கும் நம் பேச்சையும் செருப்புச் சத்தத்தையும் வெட்டிவிட்டு, பறவைக் குரலுக்கு இரண்டு பக்கமும் மூன்று விநாடி இடைவெளி விடுங்கள், அதுதான் அவர்கள் கேட்கும் அளவு.