ஆஸ்பெஸ்டாஸ் நோய்க்கு இழப்பீடு கேட்பவர்கள், வக்காலத்தில் கையெழுத்திடுமுன் இதைப் படியுங்கள்

ராணிப்பேட்டை, வாலாஜா, ஆற்காடு பக்கத்துத் தொழிற்சாலைகளில் கொதிகலன், நீராவிக் குழாய் வேலை பார்த்துவிட்டு, இப்போது மூச்சிரைப்போடு வேலூர் மருத்துவமனைகளுக்கு அலைந்துகொண்டிருக்கும் பெரியவர்களின் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் சித்தப்பாவின் இழப்பீட்டு வழக்கு, அதை எடுத்த வழக்கறிஞராலேயே கெட்டது. வழக்கறிஞர்களின் நடத்தையைக் கண்காணிக்கும் பார் கவுன்சிலில் எங்கள் புகார் விசாரணையில் இருப்பதால் அவர் பெயரை எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சித்தப்பா 1984 முதல் 2006 வரை சிப்காட்டில் ஒரு நிறுவனத்தில் உதவியாளராக இருந்தார். நீராவிக் குழாய்களின் மேல் சுற்றியிருக்கும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றையும் துணியையும் பிய்த்தெடுத்துவிட்டுப் புதியதைச் சுற்றுவதுதான் அவர் வேலை. முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வதைத் தவிர வேறு பாதுகாப்பு இருந்ததில்லை. மாலையில் அவர் கழற்றிப்போடும் காக்கிச் சட்டையைச் சித்தி வாசலில் உதறிவிட்டுத்தான் ஊறவைப்பார். (அப்படித் துணி துவைத்தவர்களுக்கும் இந்நோய் வரக்கூடும், அவர்களையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.) இந்தத் தூசியைச் சுவாசித்து பெரும்பாலும் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தே நோய் வெளிப்படும் என்பதால், 2018இல் ஸ்கேன் எடுத்து, வேலை வரலாறு முழுவதையும் பொறுமையாகக் கேட்ட பிறகே மருத்துவர் ‘ஆஸ்பெஸ்டோசிஸ்’ (ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் நுரையீரல் நோய்) என்று எழுதிக் கொடுத்தார்.

தெரிந்தவர் ஒருவர் மூலம் போன அந்த வழக்கறிஞர், நெடுஞ்சாலை விபத்து வழக்குகளில் பெயர் எடுத்தவர். அவருடைய குமாஸ்தா அமெரிக்காவில் ஆஸ்பெஸ்டாஸ் நோயாளிகளுக்குக் கிடைத்த தொகைகளைப் பற்றிய காணொளியைக் கைபேசியில் காட்டி, “பெரியவரே, இது கோடியில போற கேசு” என்றார். அங்கே ஜான்ஸ்-மேன்வில் போன்ற நிறுவனங்கள் திவாலானபின் நோயாளிகளுக்கென்றே அறக்கட்டளை நிதிகள் அமைக்கப்பட்டன. வழக்கறிஞர் தொகையில் பங்கு பெறுவதற்கும் அங்கே சட்டத்தில் இடமுண்டு. இங்கே இரண்டும் இல்லை. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் வெளிப்படையாகத் தடைசெய்கின்றன. அவரோ முன்பணமாக 25,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, வரும் தொகையில் முப்பது சதவீதம் தனக்கு என்று ஒரு வெள்ளைத் தாளில் சித்தப்பாவிடம் கையெழுத்தும் வாங்கினார். ரசீது கொடுக்கவில்லை.

2021இல் நாங்களே தொழிலாளர் துறை அலுவலகத்தில் நகல் மனு போட்டு, அவர் தாக்கல் செய்த மனுவை வாங்கிப் படித்தோம். ‘விபத்து நடந்த தேதி, நேரம்’ என்ற இடத்தில் ஒரு தேதியும் ‘காலை 10 மணி’ என்றும் நிரப்பப்பட்டிருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் தூசியைச் சுவாசித்து வந்த நோய்க்குக் காலை பத்து மணி என்று ஒரு நேரம்! அப்போது நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ஆஸ்பெஸ்டோசிஸ் தொழில்சார் நோயாகவே இடம்பெற்றிருந்தது. அதைப் பற்றி அந்த மனுவில் ஒரு வரி இல்லை.

அதைவிடப் பெரிய கேடு இன்னொன்று. சித்தப்பாவின் சம்பளச் சீட்டுகளில் மாதந்தோறும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறது. இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற தொழிலாளி, வேலையால் வந்த காயத்துக்கோ நோய்க்கோ முதலாளியிடம் இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் தொகை கேட்க முடியாது என்று 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53ஆம் பிரிவு சொன்னது, அவர் இ.எஸ்.ஐ. கழகத்திடம் விண்ணப்பித்து, மருத்துவ வாரியத்தின் முன் இயலாமையை நிரூபித்து, உதவித்தொகை பெற வேண்டும். நிறுவனத்தின் வழக்கறிஞர் இந்த ஒரு பிரிவைச் சுட்டிக்காட்டியதும் மனு தள்ளுபடியானது. முதல் நாளில் சம்பளச் சீட்டைப் புரட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் செய்தி இது.

தள்ளுபடியான செய்தியைக்கூட எங்கள் வழக்கறிஞர் சொல்லவில்லை. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததைச் சாக்காக வைத்து, கோப்பு ராணிப்பேட்டைக்குப் போய்விட்டது, இன்னும் எண் வரவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். படி ஏறவே முடியாத மனிதர் ஒவ்வொரு முறையும் மாடியிலிருந்த அவருடைய அறைக்குப் போய் உட்கார்ந்து, இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு இறங்கி வந்தார்.

கோப்பைத் திருப்பிக் கேட்டபோது பாக்கிக் கட்டணம் என்று ஒரு தொகை சொல்லி, ஸ்கேன் படங்களையும் இ.எஸ்.ஐ. அட்டையையும் தர மறுத்தார். கட்டண பாக்கிக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று 2000ஆம் ஆண்டிலேயே ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிய பிறகே கட்டு வந்து சேர்ந்தது. நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சிலர் சொல்வார்கள்; வழக்கறிஞர் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. இப்போது இருக்கும் வழி, 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவின்கீழ் மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுப்பதுதான்.

ஆகவே வழக்கறிஞரிடம் போனால், அவர் முதலில் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். எந்தப் பிரிவில், எந்த ஆண்டிலிருந்து வேலை, இ.எஸ்.ஐ. உண்டா, உடன் வேலை பார்த்தவர்களில் யார் சாட்சி சொல்வார்கள் என்று கேட்பவர் வேலை தெரிந்தவர். தொகையைப் பற்றி முதலில் பேசுபவரிடம் ஒரு தாளையும் கொடுக்காதீர்கள். இ.எஸ்.ஐ. இல்லாத ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் வழி இருந்தது; 2025 நவம்பரில் அந்தச் சட்டத்துக்கும் இ.எஸ்.ஐ. சட்டத்துக்கும் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தில் காலக்கெடு இரண்டு ஆண்டுகளாக இருந்தது, தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணையருக்கு அதிகாரமும் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலகங்கள் தொழிலாளரின் உடல்நலப் பதிவுகளை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலையிலிருந்து விலகியபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பை அறிந்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

பணம் இல்லாதவர்கள் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தொலைபேசி உதவி எண் 15100. தொழிலாளர்கள், பெண்கள், பட்டியல் இனத்தவர், வருமான வரம்புக்குள் இருப்பவர்கள் ஆகியோருக்கு அங்கே இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். எங்களுக்கும் அங்கிருந்துதான் வழக்கறிஞர் அமைந்தார். சித்தப்பாவின் விண்ணப்பம் இப்போது இ.எஸ்.ஐ. மருத்துவ வாரியத்திடம் இருக்கிறது. அசல் ஆவணங்கள் இம்முறை எங்கள் வீட்டிலேயே இருக்கின்றன, நகல்களை மட்டுமே கொடுத்திருக்கிறோம்.