களக்கட்டணம் வாங்கினார்கள், களத்தைக் காட்டவில்லை: சுற்றுச்சூழல் உயிரியலில் சேரப் போகிறவர்களுக்கு

சுற்றுச்சூழல் உயிரியலில் இளநிலைப் பட்டம் முடித்துவிட்டேன். மதிப்பெண்ணுக்குக் குறையில்லை. ஆனால் ஒரு குளக்கரையில் என்னை நிறுத்தி, "இதில் உள்ள உயிர்களை எப்படிக் கணக்கெடுப்பாய்?" என்று கேட்டிருந்தால் எங்கே தொடங்குவது என்றே தெரிந்திருக்காது. அந்த நிலையில்தான் என்னைப் பட்டதாரி என்று வெளியே அனுப்பினார்கள். கல்லூரியின் பெயரைச் சொல்லவில்லை. என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன், இந்தப் படிப்பைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும்.

சேர்க்கைக் கையேட்டில் மாணவர்கள் இடுப்பளவு தண்ணீரில் வலையோடு நிற்கும் படம் இருந்தது. ஒவ்வொரு பருவத்திலும் களப்பணி, ஆறு, சதுப்புநிலம், காடு என்று எழுதியிருந்தார்கள். கல்விக்கட்டணத்தோடு களக்கட்டணம் தனியாக வாங்கினார்கள், மூன்று ஆண்டும் வாங்கினார்கள். நாங்கள் போனது ஒரே ஒரு முறை, அரை நாள், ஒரு பூங்காவுக்கு. மரங்களில் பெயர்ப்பலகை மாட்டியிருந்தது. அதைப் பார்த்து எழுதிக்கொண்டு திரும்பினோம். பாடத்திட்டத்தைப் பிறகு நிதானமாகப் பார்த்தபோதுதான் இன்னொன்று புரிந்தது. முதல் இரண்டு ஆண்டுகளின் தாள்களும் பொது உயிரியல் படிப்பவர்களுக்கு வைத்த அதே தாள்கள். 'சுற்றுச்சூழல்' என்ற சொல் பட்டத்தின் பெயரில் இருந்த அளவுக்குப் பாடத்தில் இல்லை.

ஆய்வகக் கதை இன்னும் மோசம். நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்க 1888-இல் விங்க்ளர் என்ற வேதியியலாளர் வகுத்த முறை இன்றும் கற்றுத்தரப்படுகிறது. மாதிரி நீரில் மாங்கனீசு சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் விட்டால், ஆக்சிஜன் இருக்கும் நீரில் பழுப்பு நிற வீழ்படிவு இறங்கும், இல்லாத நீரில் வெள்ளையாகவே நிற்கும். அப்புறம் அமிலம் விட்டுக் கரைத்து, ஸ்டார்ச் சேர்த்து, நீல நிறம் மறையும்வரை தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு எடுக்க வேண்டும். கழிவுநீர் கலந்த நீரில் எந்த நிறம் இறங்குகிறது என்பதைக் கண்ணால் ஒரு முறை பார்த்தவருக்கு, மாசு என்பது அதன்பின் வெறும் பாடச்சொல்லாக இருக்காது. எங்களுக்கு இது திரையில் ஒரு படமாகக் காட்டப்பட்டது. அளவுகள் கரும்பலகையில் எழுதப்பட்டன. அவற்றைச் செய்முறைக் குறிப்பேட்டில், நாங்களே எடுத்த அளவுகளைப் போல எழுதிக் கையெழுத்து வாங்கினோம்.

இறுதி ஆண்டு ஆய்வில்தான் என் பொறுமை போனது. மாசடைந்த குளம் ஒன்று, தூய குளம் ஒன்று, இரண்டையும் ஒப்பிட வேண்டும். வலை கேட்டேன், இல்லை என்றார்கள். வண்டி கேட்டேன், அனுமதி இல்லை என்றார்கள். கடைசியில் வழிகாட்டி முந்தைய ஆண்டு மாணவரின் அட்டவணையை என்னிடம் கொடுத்து, "எண்களைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுக்கொள்" என்றார். நான் மறுத்தேன். நடந்தே போய் அருகில் இருந்த இரண்டு குளங்களிலும் பதினைந்து பதினைந்து மாதிரிகள் எடுத்து, தெரிந்த அளவில் எழுதிக் கொடுத்தேன். பிறருக்குக் கிடைத்ததைவிடக் குறைந்த மதிப்பெண்தான் எனக்குக் கிடைத்தது.

என் ஆய்விலும் பெரிய பிழை இருந்தது, அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரே குளத்தில் பதினைந்து முறை நீர் எடுத்தாலும் அது ஒரு குளம்தான். மாசின் விளைவைச் சொல்ல வேண்டுமானால் மாசடைந்த பல குளங்களும் தூய பல குளங்களும் வேண்டும். இந்தப் பிழைக்கு 1984-இல் ஹர்ல்பெர்ட் என்ற சூழலியலாளர் 'சூடோரெப்ளிகேஷன்' என்று பெயரிட்டு விரிவாக எழுதினார். அடிப்படையான இந்த விஷயத்தை மூன்று ஆண்டுகளில் ஒரு வகுப்பில்கூட நான் கேட்கவில்லை. புள்ளியியல் தாள் இருந்தது, சூத்திரங்களை மனப்பாடம் செய்யும் தாளாக.

வேலைக்கான நேர்காணலில் எல்லாம் வெளுத்தது. ஆற்றுப் பூச்சிகளைக் கணக்கெடுக்கும் குழு அது. குழுவின் தலைவி, உள்ளே அகப்படும் பூச்சிகளை மட்டும் எண்ணுவதற்கான ஒரு கம்பிச் சட்டத்தைக் காட்டி, "இதை ஆற்றில் எங்கே வைப்பீர்கள்?" என்று கேட்டார். "பூச்சிகள் நிறைய இருக்கிற இடமாகப் பார்த்து வைப்பேன்" என்றேன். அவர் திட்டவில்லை, பொறுமையாக விளக்கினார். கண்ணால் பார்த்து நல்ல இடமாகத் தேர்ந்தால் கணக்கு எப்போதும் உண்மையைவிடக் கூடுதலாகவே வரும். அதனால் முன்கூட்டியே குலுக்கல் போலச் சமவாய்ப்பு எண்களை எடுத்து, அந்த எண் சொல்லும் இடத்தில், அங்கே ஒன்றுமே இல்லாவிட்டாலும், சட்டத்தை வைக்க வேண்டும். வேலை கிடைக்கவில்லை. ஆனாலும் ஊதியமில்லாமல் சில வாரம் கூட வரட்டுமா என்று கேட்டேன், சரி என்றார். கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் மேஃபிளை இளம்பூச்சியை அதன் வாலிழைகளை வைத்து அடையாளம் காண அங்கேதான் கற்றேன். அவை பெரும்பாலும் தூய நீரை நாடுபவை. ஆக்சிஜன் குறைந்த சேற்றில் சிவப்புப் புழுக்கள்தான் மிஞ்சும். இந்தப் படிப்பு எவ்வளவு அருமையானது என்று அந்த வாரங்களில்தான் தெரிந்தது. அதனால்தான் கோபமும் கூடியது.

சேரப் போகிறவர்கள் தயவுசெய்து கல்லூரியின் படங்களை நம்பாதீர்கள். இறுதி ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியாகச் சந்தித்து அவருடைய களக்குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள். தேதி, நேரம், வானிலை, பென்சிலால் எழுதிய கணக்கு, தண்ணீர் பட்ட பக்கங்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். எல்லாருடைய குறிப்பேட்டிலும் ஒரே எண்கள் இருந்தால் அங்கிருந்து வந்துவிடுங்கள். களப்பணிக்குத் தனி மதிப்பெண் உண்டா, புள்ளியியலைச் சொந்தத் தரவை வைத்துக் கணினியில் செய்ய வைக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஏற்கெனவே சேர்ந்து மாட்டிக்கொண்டவர்கள், களக்கட்டண ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். என்னுடைய மூன்று ரசீதுகளையும் இணைத்து, அந்தப் பணம் எதற்குச் செலவானது என்று கல்லூரிக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். காட்டப்பட்ட காணொளிகளும் களப்பணியில் அடங்கும் என்று பதில் வந்தது. மறுத்து இரண்டாவது கடிதம் போட்டிருக்கிறேன். இந்த முறை என்னோடு படித்த நான்கு பேரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.