டிசைன் வகுப்புக்கு ஜெனரேட்டிவ் ஃபில் எந்த அளவு உதவும்?

போட்டோஷாப்பில் 2023 மே மாதம் பீட்டாவாக வந்து, செப்டம்பரில் எல்லோருக்கும் கிடைத்த வசதி இது; செயற்கை நுண்ணறிவால் படத்தின் ஒரு பகுதியை நிரப்பித் தரும். லாஸோவால் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, வேண்டியதை எழுதி ஜெனரேட் அழுத்தினால் பொதுவாக மூன்று மாதிரிகள் வரும். எதுவும் எழுதாமல் அழுத்தினால் சுற்றியிருக்கும் படத்தைப் பார்த்துத் தானே நிரப்பிக்கொள்ளும். மூலப்படம் கெடாது, விளைவு, தேர்ந்தெடுத்த இடத்தை மட்டும் காட்டும் மாஸ்க்கோடு, தனி லேயரில் உட்காரும். ஆசிரியருக்கு உண்மையான லாபம் இந்த லேயர்தான். அதைத் தொட்டால் மாணவர் எழுதிய பிராம்ப்ட், ஒதுக்கிய மாதிரிகள் எல்லாம் பிராப்பர்ட்டீஸ் பேனலில் தெரியும். எதை ஏன் ஒதுக்கினாய் என்று அங்கேயே கேட்கலாம்.

காம்போசிஷன், அதாவது படத்தில் எதை எங்கே வைப்பது என்ற பயிற்சிக்கு அருமையான கருவி. ஒரே உருவத்தை வைத்துக்கொண்டு கேன்வாஸை நான்கு பக்கமும் மாறி மாறி விரித்து நிரப்பிப் பார்த்தால், வெற்றிடம் எவ்வளவு எடை தாங்குகிறது என்பது பத்து நிமிடத்தில் பிடிபடும்.

அச்சுக்குப் போகும்போதுதான் சிக்கல். முதலில் வந்த மாடல் 1024 பிக்சல் சதுரத்துக்கு மேல் உருவாக்காது. பெரிய இடத்தைத் தேர்ந்தெடுத்தால் இழுத்து ஒட்டும், மங்கிவிடும். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சில் 1024 பிக்சல் என்பது 8.7 சென்டிமீட்டர்தான். 2048 கிடைத்தாலும் சுமார் 17. ஏ4 தாளின் அகலம் 21. ஆகவே பெரிய பரப்பைத் துண்டு துண்டாக, ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறும்படி தேர்ந்தெடுத்து நிரப்ப வேண்டும்.

கோலம் கேட்டுப் பாருங்கள். ஏழு புள்ளி, ஊடுபுள்ளி நான்கு வரை என்றால் மொத்தம் 37 புள்ளி வர வேண்டும். வருவது கோலம் மாதிரி ஒன்று. புள்ளி கணக்கில் நிற்காது, சிக்குக் கோலத்தின் கம்பி நடுவழியில் அறுந்துவிடும். தாறுமாறான புள்ளி இரைச்சலிலிருந்து தோற்றத்தைத் திரட்டுவது இதன் முறை, அதற்கு எண்ணத் தெரியாது. புள்ளி வைத்துக் கையால் இழுத்துப் பழகாத மாணவருக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது என்பதுதான் பெரிய கவலை. முதல் பருவத்தில் இதைத் திறக்கவே வேண்டாம் என்று சொல்வது அதனால்தான்.

தமிழ் எழுத்தையும் இதனிடம் கேட்காதீர்கள். கொம்பும் புள்ளியும் இடம் மாறும். போஸ்டரில் இடத்தைக் காலியாக விடச் சொல்லி, டைப் டூலில் யூனிகோடு எழுத்துருவால் அடியுங்கள். பழைய பதிப்பில் ‘கொ’ உடைந்தால் பாராகிராஃப் பேனல் மெனுவில் வேர்ல்ட்-ரெடி லேயவுட்டைத் தேர்ந்தெடுங்கள்.

வேலை நடப்பது போட்டோஷாப்பைத் தரும் அடோபி நிறுவனத்தின் சர்வரில், அதனால் லேபில் இணையம் கட்டாயம். சந்தா திட்டத்தைப் பொறுத்து, ஒவ்வொரு அழுத்தலுக்கும் மாதாமாதம் கிடைக்கும் கிரெடிட்டிலிருந்து கழியலாம். மாதக் கிரெடிட்டில் மிஞ்சியது அடுத்த மாதத்துக்கு வராது. ஒப்படைப்பை ஜேபெக்காக வாங்காதீர்கள். லேயர்களை இணைக்காத பிஎஸ்டி (போட்டோஷாப்பின் சொந்த வடிவம்) கோப்பும், அதற்கு முன் போட்ட மூன்று பென்சில் ஸ்கெட்சும் சேர்ந்து வரட்டும்.