ஆண்மயிலுக்கு ஒரு பெட்டையா, மூன்றா?

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மயிலை வளர்ப்புப் பறவையாக வைத்துக்கொள்ள முடியாது. இது அமெரிக்கா, பிரிட்டன் பக்கம் நீலமயில் வளர்ப்பவர்களுக்கு.

ஒரே பெட்டை என்றால் எந்த முட்டை யாருடையது என்ற குழப்பமில்லை. ஆனால் இணைசேரும் பருவம் முழுக்க ஆண் அவளையே சுற்றும். தோகையை விரித்து முதுகைக் காட்டி நிற்கும். அவள் பின்னால் வந்ததும் சட்டெனத் திரும்பி, இறகுகள் சரசரவென நடுங்க, கத்தியபடி பாயும். கூண்டு சிறிதாக இருந்தால் பாவம், பெட்டைக்கு ஒதுங்க இடமிருக்காது. இரை எடுக்காமல் மெலியும், முதுகிறகு உதிரும்.

மூன்று பெட்டைகள் இருந்தால் அந்தத் தொல்லை பிரிந்துபோகும். இதுவே நல்லது. ஒன்று மட்டும் வலுத்து மற்றவற்றை விரட்டலாம். அதற்கு இரைத்தட்டைத் தள்ளித்தள்ளி இரண்டு இடத்தில் வையுங்கள், மறைவுக்குப் புதர் விடுங்கள். ஆண் 3 வயதைத் தாண்டியிருக்கட்டும். அதற்கு முன் தோகை முழுதாக வளராது. இரண்டாவது ஆணை உள்ளே விடவே வேண்டாம், கால்முள்ளால் கிழித்துக்கொள்ளும்.